அணுவுக்குப் பொட்டு வைத்த வருஷம்

ஆயுத பூஜை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த காலையில் களி உருண்டை முழுக்க எறும்பு மொய்த்துக் கிடந்தது. அதில் நான் பதித்து வைத்திருந்த நிலக்கடலைப் பருப்புகளை ஏதோ அணில் ஒன்றுவிடாமல் பெயர்த்துத் தின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த இரும்புக் குண்டுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, அடியில் ஒரு எலுமிச்சம்பழத்தை நசுக்கியிருந்தார்கள். கூழாங்கல்லுக்குப் பொட்டு. சைக்கிள் ரிம்முக்கும் பொட்டு.

அன்று இன்ஸ்பெக்ஷன்.

ஏதோ கோயில் கதை என்று நினைத்துவிட வேண்டாம். அது எங்கள் பள்ளிக்கூடத்துக் கெமிஸ்ட்ரி லேப். மேஜைமேல் வரிசையாக இருந்தவை அத்தனையும் அணு. கிரேக்கர் காலத்தில் தொடங்கி இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் மனிதன் அணுவை எப்படி எப்படியெல்லாம் நினைத்தான் என்று காட்ட, பிளஸ் ஒன் படித்த நாங்கள் செய்துவைத்த மாதிரிகள்.

பொட்டு வைத்தது யார் என்று கேட்கவே வேண்டாம். அட்டெண்டர் மாதையன் அண்ணன் வாசலிலேயே பெருமையாக நின்றிருந்தார்.

"ஏண்ணா, அணுவுக்கெல்லாமா பொட்டு வெப்பாங்க?" என்றேன்.

"பின்ன? ஆயுத பூஜைன்னா ஆயுதத்துக்குத்தான பாப்பா மொதல்ல வெக்கணும். ஒரு ஊரையே ஒரேயடியா அழிக்கறது இந்த அணுதான்னு பேப்பர்ல போட்டிருக்கறான். இதுக்கு வெக்காம வெளக்கமாத்துக்கா வெக்கறது?"

விளக்குமாற்றுக்கும் வைத்திருந்தார். அதையும் பார்த்தேன்.

முதல் பாடமே முழுப் பாடம்

பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் போகிற வழியில் எங்கள் ஊர். பெயரைச் சொன்னால் சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சயின்ஸ் குரூப் கொடுத்தார்கள். தற்காலிகமாகக் கொடுத்தார்கள். ஒரு அதிகாரி வந்து பார்த்து, சரி என்று எழுதினால்தான் நிலைக்கும். குரூப் கொடுத்தார்களே ஒழிய, கெமிஸ்ட்ரி நடத்த ஆள் கொடுக்கவில்லை. லேப் என்று ஓர் அறையும், அதில் ஒரு தராசும், விரிசல் விட்ட பீக்கர் நாலும் இருந்தன.

எனக்கு அந்தக் குரூப் நிலைக்க வேண்டும். காரணம் எங்கள் வீட்டுச் செவலைப் பசு. ஈனும்போது கன்று குறுக்கே மாட்டிக்கொண்டதில் பசு ஒரு பகலெல்லாம் கத்தியது. மாட்டு டாக்டரைத் தர்மபுரியிலிருந்துதான் கூட்டிவர வேண்டும். அப்பா பஸ் பிடித்துப் போய்க் கூட்டி வருவதற்குள் பசுவும் போய்விட்டது, கன்றும் போய்விட்டது. அந்த டாக்டர் வந்ததற்கு ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்பினார். நான் மாட்டு டாக்டராவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அதற்குச் சயின்ஸ் குரூப் வேண்டும். அதிலும் கெமிஸ்ட்ரியில் நல்ல மார்க் வேண்டும்.

அப்பா ஒரே வார்த்தையில் எல்லை போட்டுவிட்டார். "இங்க உள்ளூர்ல இருக்குற வரைக்கும் படி கண்ணு. குரூப்பை எடுத்துட்டாங்கன்னா வூட்ல இரு. பஸ்ஸேறித் தர்மபுரிக்கு அனுப்பறதெல்லாம் நம்மளால ஆவாது."

ஆக, என் எதிர்காலம் முழுக்க இன்னும் வந்து சேராத ஓர் அதிகாரியின் பேனாவில் இருந்தது.

கெமிஸ்ட்ரி வாத்தியார் இல்லாததைப் பற்றி எங்கள் ஹெட்மாஸ்டருக்குக் கவலையே இல்லை. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். முதல் பாடம் அணுக்கொள்கையின் வரலாறு. வரலாறு என்ற சொல்லைக் கண்டதும் முகம் மலர்ந்து, சரித்திர வாத்தியார் முனிரத்தினத்தைக் கூப்பிட்டு அனுப்பினார்.

முனிரத்தினம் சார் பிரமாதமாகப் பேசுவார். பானிப்பட்டுப் போரை நடத்தினால் கடைசி பெஞ்சு வரைக்கும் புழுதி பறக்கும். அந்த மனுஷன் அணுவைக் கையில் எடுத்தார். ஜூனில் எடுத்தவர் ஆயுத பூஜை வரைக்கும் கீழே வைக்கவில்லை. முதல் பாடத்தில் ஆட்கள் இருந்தார்கள், சண்டை இருந்தது, ஒருவரை ஒருவர் கவிழ்த்தார்கள். இரண்டாவது பாடத்தில் சமன்பாடு இருந்தது. எந்தச் சரித்திர வாத்தியார் தாமாகப் போய் அதில் விழுவார்?

சிரித்தவரும் சிரிக்காதவரும்

அவர் நடத்தியதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். விஞ்ஞானிகளின் பெயர்களை மட்டும் விட்டுவிடுகிறேன். எங்கள் வகுப்பில் அவர்களுக்குப் பட்டப்பெயர்தான் புழக்கம்.

முதலில் சிரிப்புக்காரர். கிரேக்க தேசத்தவர், எதற்கெடுத்தாலும் சிரிப்பாராம். எந்தப் பொருளையும் வெட்டிக்கொண்டே போனால், இனி வெட்டவே முடியாத ஒரு பொடியில் போய் நிற்கும், அதுதான் அணு என்றார். அவருக்குப் பின்னால் ஒரு பெரிய தத்துவ ஞானி வந்தார். அணுவாவது ஒன்றாவது, மண், நீர், காற்று, நெருப்பு, இந்த நாலும்தான் உலகம் என்றார். பெரிய மனிதர் சொன்னதால் உலகம் கேட்டுக்கொண்டது. கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருஷம் அணுவைச் சீந்த ஆளில்லை.

முனிரத்தினம் சார் மேஜையைத் தட்டிச் சொல்வார். "நல்லா கவனிங்க. நெசத்தைச் சொன்னவன் சிரிச்சிகிட்டே சொன்னான். ஒருத்தனும் நம்பல. தப்பாச் சொன்னவன் மூஞ்சிய உம்முனு வெச்சிகிட்டுச் சொன்னான். ரெண்டாயிரம் வருஷம் நம்புனாங்க. இதான் சரித்திரம்."

நாங்கள் இதை அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டோம். முழுப் பரீட்சையில் கேட்பார்கள் என்று நினைத்தோம்.

நடுவில் ஹெட்மாஸ்டர் எட்டிப் பார்த்து, நம் தேசத்து முனிவர் ஒருவர் கிரேக்கனுக்கு முன்னாடியே அணுவைப் பற்றிச் சொல்லிவிட்டார், அதையும் சேர்த்து நடத்துங்கள் என்பார். முன்னாடியே சொன்ன தேசத்தால் ஏன் ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியாரை அனுப்ப முடியவில்லை என்று என் பக்கத்து சீட்டு ஷாஹிதா முணுமுணுப்பாள்.

பிறகு ரசவாதிகள். ஈயத்தைப் பொன்னாக்கித் தருகிறேன் என்று சொல்லி ராஜாக்கள் வீட்டில் பல தலைமுறை சாப்பிட்டவர்கள். அவர்கள்மேல் சாருக்கு என்னமோ தனிப் பிரியம். அவர்களுக்கே ஒரு மாதம் போயிற்று.

அப்புறம் இங்கிலாந்துப் பள்ளிக்கூட வாத்தியார். வண்ணம் சரியாகப் பிரித்தறியத் தெரியாத மனிதர், ஆனால் எடைகளைப் பார்த்துப் பார்த்தே உண்மையைப் பிடித்தார். ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு வகை அணு, உடைக்க முடியாத குட்டிக் குண்டு என்றார். சார் இவருக்கு 'ஆட்சியின் நிறைகள்', 'ஆட்சியின் குறைகள்' என்று இரண்டு தலைப்புப் போட்டு நோட்ஸ் கொடுத்தார்.

அந்த ஆட்சியும் கவிழ்ந்தது. அணுவுக்குள்ளேயே எலக்ட்ரான் இருக்கிறது என்று ஒருவர் கண்டுபிடித்தார். உடைக்க முடியாதது உடைந்தது. பழம் பதித்த இங்கிலீஷ் பலகாரம் ஒன்றைப் போல, நேர்மின் உருண்டையில் எலக்ட்ரான்கள் பதிந்திருக்கின்றன என்றார். புத்தகத்தில் அந்தப் பலகாரத்தின் படம் இருந்தது. வகுப்பில் யாரும் அதைச் சாப்பிட்டதில்லை, சாரும் சாப்பிட்டதில்லை.

"களி உருண்டைல கடலைன்னு எழுதிக்கங்க," என்றார். எழுதிக்கொண்டோம்.

அந்தக் களிக்காரரிடம் படித்த சிஷ்யன், நியூசிலாந்து விவசாயி மகன், மெல்லிய தங்கத் தகட்டின்மேல் துகள்களை ஏவிப் பார்த்தான். பெரும்பாலானவை தகடு இருப்பதே தெரியாத மாதிரி நேராகப் போயின. ஒன்றிரண்டு மோதித் திரும்பி வந்தன. அணுவுக்கு நடுவில் ஒரு கெட்டியான கரு இருக்கிறது, மற்றபடி உள்ளே வெறுமை என்று தெரிந்தது. குரு கட்டிய களியைச் சிஷ்யன் உடைத்தான். அப்பனைச் சிறையில் போட்டுப் பட்டம் ஏறிய மகன்களின் கதையை நடத்துகிற அதே குரலில் சார் இதை நடத்தினார். எனக்குக் கண்ணில் நீர் வந்தது. கெமிஸ்ட்ரிக்காக நான் அழுதது அதுதான் முதல் தடவை. அடுத்த தடவை ரிசல்ட் வந்தபோது.

மேஜைமேல் அணுக்கள்

இன்ஸ்பெக்ஷன் என்று தகவல் வந்ததும் முனிரத்தினம் சாரிடம் ஹெட்மாஸ்டர் சொன்னார். "லேப்ல காட்றதுக்கு ஒண்ணுமில்ல. நீங்க நடத்துனதையே பொருளா செஞ்சு மேஜைல அடுக்கிடுங்க. பாக்க வர்றவரு கண்ணு நெறையணும்."

செய்தோம். கிரேக்க அணுவுக்குக் காவிரியில் எடுத்த வழவழப்பான கூழாங்கல். இங்கிலாந்து வாத்தியார் அணுவுக்குப் பி.டி. மாஸ்டரின் குண்டெறிதல் குண்டு. களி உருண்டை எங்கள் வீட்டில் கிண்டியது. அம்மா அதைக் கொடுக்கும்போது, "தின்னற சோத்தைப் பாடமாக்கற பள்ளிக்கூடத்தை இப்பத்தான் பாக்கறேன்," என்றாள். தங்கத் தகட்டுக்கு ஷாஹிதாவின் மாமா இனிப்புக் கடையிலிருந்து, பலகாரத்தின்மேல் ஒட்டுகிற வெள்ளி ரேக்கு. அதற்கு மஞ்சள் பூசித் தங்கமாக்கினோம். ரசவாதிகள் இருந்திருந்தால் எங்களைச் சேர்த்துக்கொண்டிருப்பார்கள்.

கடைசி அணு என்னுடையது. புத்தகத்தில் இருந்த சோடியம் படத்தைப் பார்த்துச் செய்தேன். நடுவில் களிமண் உருண்டை. சுற்றிலும் மூன்று வளையம்: ஒரு வளையல், ஒரு பழைய சல்லடை விளிம்பு, ஒரு சைக்கிள் ரிம். எலக்ட்ரானுக்கு ஆபீசில் பார்சலுக்கு வைக்கிற சிவப்பு அரக்கை உருக்கிச் சொட்டு விட்டேன். வளையலில் இரண்டு, சல்லடையில் எட்டு, ரிம்மில் ஒன்று.

சார் ஒவ்வொன்றுக்கும் அட்டை எழுதி வைத்தார். 'அணு: தொடக்க காலம்', 'அணு: இடைக்காலம்'. என்னுடையதற்கு 'அணு: இன்றைய நிலை'. சோடியம் என்று எழுதுங்கள் சார் என்றதற்கு, "அதெல்லாம் எழுதுனா அதைப் பத்திக் கேள்வி கேப்பாங்க," என்றார்.

ரிம்மைச் சைக்கிளாக நினைத்து மாதையன் அண்ணன் மூன்று பொட்டு வைத்தது இதற்குப் பிறகுதான். அந்தக் காலையில் அதைத் துடைக்கப் போனேன். சந்தனம் காய்ந்து இரும்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. சுரண்டத் தொடங்கும்போதே வெளியே ஜீப் சத்தம்.

வெளி வட்டத்தில் நாலு

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அதிகாரிகள் வருவதற்குத் தயங்கியதே இல்லை. ஒகேனக்கல் போகிற வழி என்பது ஒரு பெரிய பாக்கியம். பத்து நிமிஷம் எங்களைப் பார்த்தால், அருவியில் எண்ணெய்க் குளியலும் வறுத்த மீனும் அரசாங்கக் கணக்கில் வந்துவிடும். அன்றைக்கு வந்தவரின் ஜீப்பிலும் பின் சீட்டில் துண்டும் நல்லெண்ணெய்ப் பாட்டிலும் இருந்தன. ஷாஹிதா எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

அதிகாரி நல்ல உயரம், மூக்கின் நுனியில் கண்ணாடி. கூழாங்கல்லுக்கு ஒரு "ம்", குண்டுக்கு ஒரு "ம்". எலுமிச்சம்பழத்தைப் பார்த்தும் "ம்" என்றார். கடலை இல்லாத களி உருண்டையைத் தடவிப் பார்த்து, எறும்பு கடித்ததும் கையை இழுத்துக்கொண்டார். என் ரிம்முக்கு முன்னால் வந்து நின்றார். விரலை நீட்டி எண்ணினார்.

"ரெண்டு, எட்டு, நாலு. பதினாலு. சிலிக்கான்." முகம் முழுக்கச் சந்தோஷம். "ஹெட்மாஸ்டர், எல்லா ஸ்கூல்லயும் அதே ஹைட்ரஜன், அதே சோடியம். நீங்க சிலிக்கான் வெச்சிருக்கீங்க. ரேடியோ இதுலதான், டிவி இதுலதான். நாளைக்குக் கம்ப்யூட்டர்னு ஒண்ணு வரப்போவுது, அதுவும் இதுலதான். யாரோட ஐடியா?"

ஹெட்மாஸ்டர் முனிரத்தினம் சாரை முன்னால் தள்ளினார்.

கதவோரம் நின்ற மாதையன் அண்ணன் உலகத்தையே வென்ற மாதிரி சிரித்தார். சோடியத்தைச் சிலிக்கானாக்கியது அவர்தான். ரசவாதிகளால் ஆகாத காரியம்.

அதோடு அதிகாரி ஜீப் ஏறியிருந்தால் இந்தக் கதை இல்லை. உற்சாகத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "வெளி வட்டத்துல நாலு இருக்குதே சார், இது ஆக்சிஜனோட எப்படிச் சேருது? ஒரு அஞ்சு நிமிஷம் எடுங்க, நானும் ஸ்டூடண்டா உக்காந்து கேக்கறேன்."

முனிரத்தினம் சார் சாக்பீஸை எடுத்தார். பலகையில் 'ஆக்சிஜன்' என்று எழுதினார். "ஆக்சிஜன், மாணவர்களே, பதினெட்டாம் நூற்றாண்டுல..." என்று தொடங்கினார். குரல் கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது. அந்தக் குரல் நின்று நான் பார்த்ததே இல்லை.

அவரை இத்தனை கிண்டல் செய்கிற நான் அடுத்து நடந்ததையும் எழுத வேண்டும். சார் சாக்பீஸைக் கீழே வைத்தார். திரும்பினார். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

"ஐயா, நான் ஹிஸ்டரி வாத்தியாருங்க. கெமிஸ்ட்ரிக்கு இங்க ஆளே இல்லீங்க. இந்த மேஜைல இருக்கறது வரைக்குந்தான் எனக்குத் தெரியும், அதுவும் கதையாத்தான் தெரியும். அந்த ரிம்முல மூணு குங்குமப் பொட்டுங்க. இந்தப் புள்ளைங்களுக்கு ஒரு வாத்தியார் குடுங்க."

ஆளில்லை என்று தெரிந்தால் குரூப்பை மூடிவிடுவார்கள் என்று ஹெட்மாஸ்டர் எங்களை ஒரு வாரமாக மிரட்டியிருந்தார். மூடினால் எனக்குப் படிப்பு முடிந்தது. மூடாமல் ஆளும் தராமல் விட்டால்? அதுவும் முடிந்ததுதான், என்ன, இரண்டு வருஷம் கழித்துத் தெரியும். ஆள் கிடைக்க ஒரே வழி சார் சொன்னதை அதிகாரி நம்புவது. நான் எழுந்து நின்றேன்.

"சார் சொல்றது நெசந்தானுங்க ஐயா. நாங்க இன்னும் ரெண்டாவது பாடத்துக்கே போவலீங்க."

அதிகாரி கண்ணாடிக்கு மேலாகச் சாரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிறகு சிரித்தார். தொந்தி குலுங்கச் சிரித்தார். ஹெட்மாஸ்டருக்கு உயிர் வந்தது. "சாருக்கு எப்பவும் தமாஷ்தாங்க ஐயா," என்று அவரும் சேர்ந்து சிரித்தார்.

"பாத்தீங்களா," என்றார் அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சிலிக்கான் மாடல் செஞ்சுட்டு, அது பொட்டுங்கறாரு. இவ்வளவு அடக்கம் இருக்கற டீச்சரை நான் பாத்ததில்ல. புள்ளையையும் அதே மாதிரி பழக்கி வெச்சிருக்காரு."

"பொட்டுதானுங்க, நான்தான் வெச்சேன்," என்று மாதையன் அண்ணன் கதவோரத்திலிருந்து சாட்சி சொன்னார். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

"மீன் வறுத்துட்டாங்களாம் ஐயா, சூடு ஆறிடும்," என்றார் ஹெட்மாஸ்டர். ஜீப் ஒகேனக்கல் பக்கம் போனது.

முன்மாதிரி

ரிப்போர்ட் வந்தது. வேதியியல் கற்பித்தல் மாவட்டத்துக்கே முன்மாதிரி என்று எழுதியிருந்தார். குரூப் நிலைத்தது. ஹெட்மாஸ்டர் அசெம்பிளியில் படித்துக் காட்டினார். நாங்கள் கை தட்டினோம்.

இத்தனை நன்றாக நடக்கிற பாடத்துக்கு எதற்குத் தனியாக ஆள்? மேலே யாரோ நியாயமாகத்தான் யோசித்திருக்கிறார்கள். வாத்தியார் வரவில்லை. அதற்குப் பதில் ஒரு உத்தரவு வந்தது. முனிரத்தினம் சார் மற்றப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்க் கெமிஸ்ட்ரி நடத்திக் காட்ட வேண்டும். கடத்தூருக்குப் போனார். சித்தேரி மலைக்கு பஸ்ஸில் இரும்புக் குண்டை மடியில் வைத்துக்கொண்டு போனார். போன இடத்திலெல்லாம், நான் ஹிஸ்டரி வாத்தியார் என்று சொல்லிப் பார்த்தாராம். போன இடத்திலெல்லாம் சிரித்தார்களாம்.

ஆக இருந்த ஒரு வாத்தியாரும் போனார். நானும் ஷாஹிதாவும் புத்தகத்தை மாற்றி மாற்றி உரக்கப் படித்தோம். சமன்பாடுகளை மனப்பாடம் செய்தோம், எது எதனோடு ஏன் சேர்கிறது என்று தெரியாமலேயே.

பிளஸ் டூ பரீட்சையில் அணுக்கொள்கை பற்றி ஒரே ஒரு சிறு கேள்வி வந்தது. நான் மூன்று பக்கம் எழுதினேன், நிறை குறைகளோடு. மற்றக் கேள்விகளுக்குக் கையில் பேனாவை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தேன்.

எங்கள் வகுப்பில் கெமிஸ்ட்ரியில் தேறியவர்கள் ஒரு கை விரலில் அடங்குவார்கள். ஷாஹிதா அந்தக் கையில் இருந்தாள், நான் இல்லை. திரும்ப எழுதித் தட்டுத்தடுமாறித் தேறினேன். அந்த மார்க்கை வைத்துக்கொண்டு மாட்டு டாக்டர் படிப்புக்கு மனுகூடப் போட முடியாது. அப்பா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு அன்று வந்த கோபம் இன்றைக்கும் போகவில்லை, போக வேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை.

எங்கள் ஊருக்கு மாட்டு ஆஸ்பத்திரி வந்தது. ரொம்ப வருஷம் கழித்து வந்தது. அதில் உட்கார்ந்திருந்த பெண் டாக்டர் கோயம்புத்தூர்க்காரி.

இன்னொரு ஹெட்மாஸ்டர்

நான் தபால் வழியில் பி.ஏ. படித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே பாடம் எதுவோ அதையே எடுத்தேன். பி.எட். முடித்து, அரூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர டீச்சராகச் சேர்ந்தேன்.

சேர்ந்த மாதமே அந்த ஊர் ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் பிளஸ் ஒன் கெமிஸ்ட்ரி புத்தகம் திறந்து கிடந்தது. முதல் பாடம்.

"கெமிஸ்ட்ரிக்கு இன்னும் ஆள் வரல டீச்சர். ஆனா பாருங்க, மொதப் பாடம் ஹிஸ்டரிதான். நீங்க எடுத்தா புள்ளைங்க வாயத் தொறந்துகிட்டுக் கேக்கும். அடுத்த மாசம் இன்ஸ்பெக்ஷன் வேற."

ஜன்னல் வழியாகப் பிளஸ் ஒன் வகுப்பு தெரிந்தது. முன் பெஞ்சில் ஒரு பெண் அந்தப் புத்தகத்துக்குப் புது அட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"எடுக்கறேங்க சார்," என்றேன். "இன்ஸ்பெக்ஷன் அன்னிக்கு இங்க கெமிஸ்ட்ரிக்கு ஆளில்லன்னு நானே எந்திரிச்சுச் சொல்லுவேன். கேட்டுட்டுச் சிரிக்காத ஆளா ஒருத்தரை மட்டும் நீங்க வரவெச்சுடுங்க."

ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார். பிறகு, நான் ஏதோ தமாஷ் சொல்லிவிட்ட மாதிரி, சிரிக்கத் தொடங்கினார்.